எலும்புக்கு வேலை குடுங்க: எட்டு வயசில இருந்து எண்பது மட்டும்

நம்மட பக்கம் எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் கிணத்தடியில சறுக்கி இடுப்பு முறிஞ்ச ஒரு பெத்தாட கதையோ, பாத்ரூமுக்குள்ள கைய ஊண்டி விழுந்து மணிக்கட்டு முறிஞ்ச ஒரு மாமிட கதையோ இருக்கும். எல்லாரும் சொல்றது “வயசு போனா அப்பிடித்தான்” எண்டு. அப்பிடி இல்ல. விழுறதையும் குறைக்கலாம், விழுந்தாலும் லேசில முறியாத அளவுக்கு எலும்பையும் வைச்சிருக்கலாம், ஆனா அறுபது வயசில பால்மா பெக்கட்டோட தொடங்கினா மட்டும் காணாது, ஏனெண்டா ஒவ்வொரு வயசிலயும் எலும்பு ஒவ்வொரு விதமான வேலை கேக்குது. நான் ஸ்கூல்ல புள்ளைகளுக்கு உடற்கல்வி படிப்பிக்கிற ஆள், வீட்டில வயசுபோன அம்மாவையும் பார்க்கிறன், அதால இந்தக் கரை அந்தக் கரை ரெண்டும் தெரியும், அத வைச்சு எழுதுறன்.

முதல்ல எலும்பு எப்பிடி வேலை செய்யிது எண்டத விளங்கிக்கொள்ளுங்க, மிச்சமெல்லாம் அதில இருந்துதான் வருது. எலும்பு உயிருள்ள சாமான். ஒரு பக்கம் பழைய எலும்ப அரிச்சு எடுக்கிற செல், மற்றப் பக்கம் புதுசா கட்டுற செல், ரெண்டும் நம்மட சீவியம் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில கூடக் கட்டுறது எண்டத பெரும்பாலும் தீர்மானிக்கிறது அந்த எலும்பில விழுற பாரம்தான். ஜெர்மனியில யூலியஸ் வோல்ஃப் எண்ட டொக்டர் 1892ஆம் ஆண்டே இத எழுதி வைச்சிட்டார். டெனிஸ் விளையாடுற ஆக்கள்ட ராக்கெட் பிடிக்கிற கை எலும்பு மற்றக் கைய விட மொத்தம். விண்வெளியில மாசக் கணக்கா இருக்கிற ஆக்களுக்கு காலுக்கு பாரமே விழாததால இடுப்பு எலும்பு மாசத்துக்கு 1 தொடக்கம் 1.5 வீதம் வரைக்கும் குறையுது, அவங்களுக்கு சாப்பாட்டில ஒரு குறையும் இல்ல, அப்பிடியிருந்தும் குறையுது.

எப்பிடியான பாரம் எண்டதுதான் அடுத்தது. கொஞ்சம் பெலமா, சட்டெண்டு, பழக்கமில்லாத பக்கத்தால விழுற பாரத்துக்குத்தான் எலும்பு கூடக் கட்டும். குதிக்கிறது, பாய்ஞ்சு திரும்புறது, பாரம் தூக்குறது, படி ஏறுறது எல்லாம் இதில சேரும். சைக்கிள் ஓடுறதும் வாவியில நீந்துறதும் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்லம்தான், ஆனா எலும்புக்கு பெரிசா ஒண்டும் சேராது, உடம்புப் பாரத்த சீட்டும் தண்ணியும் தாங்கிக்கொண்டிருக்கு. மட்டக்களப்பு கல்லடி பீச்சில பின்னேரம் நடக்கிற ஆக்கள் கனபேர் “நான் டெய்லி நடக்கிறன்தானே” எண்டு சொல்லுவாங்க, நடவுங்க, விடாதீங்க, ஆனா நடந்து பழகின காலுக்கு நடை புதுசில்ல, அதால எலும்பு கூடப்போறதில்ல, கிட்டத்தட்ட இருக்கிறதத்தான் காப்பாத்தும். நடையோட வேற ரெண்டு மூண்டு விசயம் சேர்க்க வேணும்.

இன்னொண்டு, ஒரே குதிய நூறு இருநூறு தரம் தொடர்ந்து குதிச்சா கொஞ்ச நேரத்தில எலும்பு செல் அத கணக்கெடுக்காம விட்டிரும், சில மணித்தியாலம் ஆறவிட்டாத்தான் திரும்ப கணக்கெடுக்கும். அதால காலையில இருபது, பின்னேரம் இருபது எண்டு பிரிச்சுச் செய்யிறது ஒரே அடியா நாப்பது செய்யிறத விட லாபம்.

இப்ப புள்ளைகள்ட விசயம், எனக்கு மனசு கூடக் கொதிக்கிற இடம் இது. ஒரு ஆளுக்கு சீவியத்தில சேர்ற எலும்பில கிட்டத்தட்ட கால்வாசி, விறுவிறெண்டு உயருற அந்த ரெண்டு வருசத்துக்குள்ள சேருது. பொம்புளப் புள்ளைகளுக்கு அது பன்னெண்டு பதின்மூண்டு வயசு பக்கம், ஆம்புளப் புள்ளைகளுக்கு பதினாலு பக்கம். பதினெட்டு இருபது வயசாகும்போது பத்தில ஒம்பது பங்கு சேர்ந்து முடிஞ்சிரும், முப்பதுக்கு மேல ஏத்துறது எண்டது கஷ்டம். மாரிப் போகத்தில வெட்டி வீட்டில ஏத்தின நெல்லத்தான் வருசம் முழுக்க எடுத்துக் குத்திச் சாப்பிடுறம், எலும்பும் அப்பிடித்தான், அந்த ரெண்டு மூண்டு வருசம் ஏத்தாம விட்டத பிறகு எங்க போய் எடுக்கிற?

அந்த வயசில நாங்க என்ன செய்றம்? ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கு டியூசன், அது முடிய ஓ.எல். டியூசன், காலையில ஸ்கூல் பெஞ்சு, பின்னேரம் டியூசன் பெஞ்சு, ராவைக்கு போன். பொம்புளப் புள்ள எண்டா இன்னும் மோசம், பெரிய புள்ள ஆனதோட ஓடாத, குதிக்காத, கிரவுண்டுக்குப் போகாத எண்டு நிப்பாட்டிர்றது. எலும்பு கூடச் சேர்ற காலத்தில சரியா அந்த நேரம் பார்த்து நிப்பாட்டுறம். அறுபது வயசில முறியிறது கூடுதலா ஆருக்கு எண்டு பாருங்க, பொம்புளையளுக்குத்தான். தாய்மாருக்கு நான் கேக்கிறது ஒண்டுதான், மகள் வயசுக்கு வந்தா விளையாட்ட நிப்பாட்டாதீங்க, இடத்த மாத்துங்க. கிரவுண்டுக்கு விட விருப்பமில்லையா, வளவுக்குள்ள கயிறு பாயட்டும், மச்சாள்மாரோட கிளித்தட்டு விளையாடட்டும், ஸ்கூல் நெட்போல் டீமில சேரட்டும். பீரியட்ஸ் நாளிலயும் புள்ளைக்கு ஏலுமெண்டா விளையாடலாம், உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்ல.

எவ்வளவு செய்யிற? அமெரிக்காவில ஒரேகன்ல சின்னப் புள்ளைகள கிழமைக்கு மூண்டு நாள், ஒரு நாளைக்கு நூறு தரம் பெட்டியில இருந்து கீழ குதிக்க வைச்சுப் பார்த்தாங்க, ஏழு மாசத்தில இடுப்பிலயும் நாரியிலயும் குதிக்காத புள்ளைகள விட எலும்பு கூடி இருந்திச்சு, அந்த ஆய்வு 2001இல வந்தது. பெட்டி தேவையில்ல. வீட்டுத் திண்ணையில அடிப்படி ஒண்டு காணும், அல்லது நிண்ட நிலையில மேல எழும்பி ரெண்டு காலையும் ஊண்டி முழங்கால் கொஞ்சம் மடங்க இறங்கினாலும் சரி. இறுகின நிலத்தில செய்யச் சொல்லுங்க, கடற்கரை மணல்ல குதிச்சா அதிர்வ மணல் குடிச்சிரும். கிளித்தட்டு எனக்கு கடும் விருப்பம், ஏனெண்டா அதில நேரா ஓடுறதே இல்ல, வெட்டித் திரும்பி பக்கத்துக்குப் பாய்ஞ்சு சட்டெண்டு நிக்கிறது, எலும்பு கேக்கிற பழக்கமில்லாத திசை எல்லாம் அந்த ஒரு விளையாட்டுக்குள்ள இருக்கு.

சாப்பாடும் சொல்லிர்றன். ஒம்பதில இருந்து பதினெட்டு வயசு மட்டும் ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேணும், பெரிய ஆக்களுக்கு 1000, ஐம்பது தாண்டின பெண்களுக்கு 1200. ஒரு கிளாஸ் பால்ல, 200 மில்லிலீட்டர் எண்டு வைச்சா, 240 அளவில வரும். பால் வாங்கக் காசில்ல எண்டு யோசிக்கிற வீட்டுக்கு நம்மட ஊர்ல வேற வழி இருக்கு. எருமைத் தயிர், முள்ளோட சாப்பிடுற நெத்தலி, குரக்கன் மா (100 கிராமில 340 மில்லிகிராம் அளவில இருக்கு), முருங்கையிலைச் சுண்டல், எள்ளுருண்டை. நெத்தலிக் கருவாடு எண்டா நல்லா ஊறவைச்சுக் கழுவி உப்ப எடுங்க, பிரஷர் இருக்கிற ஆக்கள் பச்ச நெத்தலியே எடுங்க, உப்புக் கூடினா கல்சியமும் மூத்திரத்தோட போகும். வயசு போன ஆக்கள் சோறும் சொதியும் மட்டும் சாப்பிட்டு எழும்புறத நான் கனக்கக் காண்றன், அவங்களுக்கு மீன், முட்டை, பருப்பு கட்டாயம் வேணும், எலும்ப இழுக்கிற தசைக்கு அதுதான் சாப்பாடு.

விட்டமின் டி பத்தி ஒரு விசயம் பிழையா ஊருக்குள்ள ஓடுது, காலையில ஆறு மணி இளவெயில்ல நிண்டா கிடைக்கும் எண்டு. சூரியன் தாழ இருக்கக்க அந்தக் கதிர் கிட்டத்தட்ட வாறதே இல்ல. உங்கட நிழல் உங்கட உயரத்த விடக் கட்டையா விழுற நேரம் பாருங்க, அப்பதான் தோல் விட்டமின் டி செய்யும். கையும் முழங்காலுக்குக் கீழையும் படுற மாதிரி கொஞ்ச நேரம் நிண்டாக் காணும், வெயில்ல காயத் தேவையில்ல. வட்டையில வேலை செய்ற ஆக்களுக்கு இது பிரச்சினை இல்ல, ஒபிஸ்ல இருக்கிற ஆக்கள், வீட்டுக்குள்ளயே இருக்கிற வயசாளிகள், முழுக்க மூடி உடுக்கிற பெண்கள்தான் யோசிக்க வேணும். உம்மாமார் நாலு சுவர் இருக்கிற பின் வளவில கை கால் வெளியால விட்டு நிக்கலாம். அதுவும் ஏலாட்டி டொக்டரோட கதைச்சு மாத்திரை எடுங்க.

இருபதில இருந்து நாப்பத்தஞ்சு மட்டும் எலும்பு பெரும்பாலும் அப்பிடியே நிக்கும், கெடுக்காம விட்டாக் காணும். சிகரெட்டும் கூடின குடியும் கெடுக்கும், வெளிநாட்டில பகல் முழுக்க ரூமுக்குள்ள வேலை செய்திட்டு வாற பொடியன்மார் இதக் கவனிங்க. பால் குடுக்கிற தாய்க்கு எலும்பு 3 தொடக்கம் 5 வீதம் வரைக்கும் குறையும், பால் மறக்கடிச்ச பிறகு பொதுவா திரும்ப வந்திரும், அதுக்குப் பயந்து பால் குடுக்காம விடாதீங்க.

மாதவிடாய் நிக்கிற காலம் மறுகா ஒரு பெரிய திருப்பம். ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோன் குறைய, அரிக்கிற செல் முந்திரும், அடுத்து வாற ஐஞ்சு ஏழு வருசத்தில சில பேருக்கு 20 வீதம் வரைக்கும் எலும்பு போயிரும். நோ ஒண்டும் இராது, காய்ச்சல் இராது, ஒண்டும் தெரியாது. நாப்பத்தஞ்சுக்கு முந்தி நிண்டவங்க, கர்ப்பப்பையோட சூலகத்தையும் எடுத்தவங்க இத கட்டாயம் டொக்டரிட்ட சொல்லுங்க, அவங்களுக்கு இந்தக் கணக்கு முந்தியே தொடங்கிட்டு.

இந்த வயசு ஆக்களுக்கு “பாரம் தூக்காத” எண்டு சொல்றது நம்மட பழக்கம். அவுஸ்திரேலியாவில கிரிஃபித் யூனிவர்சிட்டியில எலும்பு குறைஞ்ச 101 பெண்கள வைச்சு அதுக்கு நேர் எதிரா ஒண்டு செய்து பார்த்தாங்க, எல்லாரும் மாதவிடாய் நிண்டவங்க. கிழமைக்கு ரெண்டு தரம் அரை மணித்தியாலம், நல்ல பாரமான இரும்பு தூக்க வைச்சு, குதிச்சு இறங்க வைச்சு, எட்டு மாசம். தூக்கினவங்களுக்கு நாரி எலும்பு 2.9 வீதம் கூடிச்சு, வீட்டில லேசான பயிற்சி செய்தவங்களுக்கு 1.2 வீதம் குறைஞ்சிச்சு. அது பழக்கிற ஆள் பக்கத்தில நிண்டு மெல்ல மெல்லக் கூட்டிச் செய்தது, இத வாசிச்சிட்டு நாளைக்கே 50 கிலோ அரிசி மூட்டையத் தூக்கிராதீங்க.

வீட்டில இப்பிடித் தொடங்கலாம். கைபிடி இல்லாத கதிரையில இருந்து கைய நெஞ்சில கட்டிக்கொண்டு எழும்பி இருங்க, எட்டு தரம், கொஞ்சம் ஆறி திரும்ப எட்டு. அது லேசாகினதும் ரெண்டு கிலோ அரிசிப் பேக் ஒண்ட நெஞ்சோட அணைச்சுக்கொண்டு செய்யுங்க, பிறகு ஐஞ்சு கிலோ. தண்ணி வாளி தூக்கக்க நாரிய வளைச்சு குனியாதீங்க, முதுகு நேரா இருக்க, குண்டிய பின்னால தள்ளி, முழங்கால மடக்கி, வாளிய உடம்போட ஒட்டி எடுங்க. சுவர்ல கைய வைச்சு உடம்ப தள்ளி எடுக்கிற பயிற்சி கைக்கும் மணிக்கட்டுக்கும். யன்னல் கம்பியப் பிடிச்சுக்கொண்டு குதிக்கால உயர்த்தி சட்டெண்டு இறக்குங்க, சிமெந்து நிலத்தில குதி விழுற “டக்” எண்ட சத்தம் கேக்க வேணும், அந்த அதிர்வு இடுப்பு மட்டும் போறது உங்களுக்கே விளங்கும். அம்மாட்ட இத செய்யச் சொன்னா முதல்ல பூனை நடக்கிற கணக்காத்தான் இறக்குவா, வெக்கம், இப்ப சோறு வேகிற நேரத்தில குசினி யன்னலப் பிடிச்சுக்கொண்டு தானாவே செய்றா. முதுகெலும்பு ஏற்கனவே உடைஞ்ச ஆக்கள் இந்தக் குதி அடிக்கிறத பிசியோதெரபிஸ்ட்டக் கேக்காமச் செய்யாதீங்க.

எழுபது தாண்டினா கணக்கு மாறுது. எலும்ப கூட்டுறத விட விழாம இருக்கிறதுதான் முக்கியம், ஏனெண்டா இடுப்பு முறியிறது கிட்டத்தட்ட எல்லாமே விழுந்துதான் முறியிது. இடுப்பு முறிஞ்ச வயசாளிகள்ல அஞ்சில ஒராள் அளவில ஒரு வருசத்துக்குள்ள செத்துப்போறாங்க, சில இடங்கள்ல அதுக்கும் கூட. இத பயமுறுத்த எழுதல்ல, “நீங்க ஒண்டும் செய்யாதீங்கம்மா, பேசாம இருங்க” எண்டு பாசத்தில கதிரையில இருத்தி வைக்கிற புள்ளைகளுக்காக எழுதுறன். இருத்தி வைச்ச கால்தான் முதல்ல சோரும்.

ஒரு சின்ன டெஸ்ட் செய்து பாருங்க. கைய ஊண்டாம கதிரையில இருந்து ஐஞ்சு தரம் எழும்பி இருக்கச் சொல்லி போன்ல நேரம் பிடிங்க. 15 செக்கனுக்கு மேல எடுத்தா கால் பெலம் குறைஞ்சிட்டு எண்டு அர்த்தம். அப்பிடியெண்டா அந்தக் கதிரைப் பயிற்சியையே முதல்ல கைய ஊண்டி, பிறகு ஒரு கை, பிறகு கையில்லாம எண்டு பழக்குங்க. அதோட ஒற்றைக் கால்ல நிக்கிறது, குசினி மேசையப் பிடிச்சுக்கொண்டு பத்து செக்கன், மறு கால் பத்து செக்கன். ஒரு காலட குதிய மற்றக் காலட விரலோட முட்டவைச்சு நேர் கோட்டில நடக்கிறது, சுவரோரமா. பக்கத்தில ஒராள் நிக்க வேணும். ஐவேளை தொழுற ஆக்களுக்கு நிலத்தில இருந்து எழும்புறது நாள் முழுக்கக் கிடைக்கிற நல்ல கால் பயிற்சி, ஏலுமான மட்டும் விடாதீங்க, முதுகெலும்பு உடைஞ்ச ஆக்கள் மட்டும் கதிரையில தொழுறது பத்தி டொக்டரக் கேளுங்க.

செய்யக்கூடாதது ஒண்டு இருக்கு, அது நடையப் போல முக்கியம். எலும்பு தேஞ்ச ஆக்கள் முன்னுக்கு வளைஞ்சு செய்ற பயிற்சி, படுத்துக் கிடந்து எழும்பி இருக்கிற வயித்துப் பயிற்சி, குனிஞ்சுகொண்டே திருகுறது செய்யக்கூடாது. 1984இல வந்த ஒரு அமெரிக்க ஆய்வில முன்னுக்கு வளைஞ்சு பயிற்சி செய்த பெண்கள்ல 89 வீதமானவங்களுக்கு முதுகெலும்பு புதுசா நசிஞ்சிச்சு, பின்னுக்கு நிமிர்த்துற பயிற்சி செய்தவங்களுக்கு 16 வீதம்தான். சின்னக் கூட்டம்தான், 59 பேர், ஆனா வித்தியாசத்தப் பாருங்க. முத்தம் கூட்டுற கட்டை ஈர்க்குமாறும் இதே வளைவுதான், பெத்தாவுக்கு நீளத் தடி போட்ட ஒண்டு கட்டிக் குடுங்க.

வீட்டையும் ஒருக்கா சுத்திப் பாருங்க, ராவைக்குப் பாருங்க, பகல்ல ஒண்டும் தெரியாது. கட்டில்ல இருந்து கக்கூசு மட்டும் போற வழியில வெளிச்சம் இருக்கா, கரண்ட் போனா தலமாட்டில டோர்ச் இருக்கா, வாசல்ல சறுக்கிற கால்மிதி கிடக்கா. கார்த்திகை மார்கழி மழைக்கு கிணத்தடிச் சிமெந்தில பாசி பிடிக்கும், மழைக்கு முந்தியே உரஞ்சிக் கழுவி விடுங்க, பிறகும் கிழமைக்கு ஒருக்கா பாருங்க. பாத்ரூம் சுவர்ல இரும்புக் கம்பி ஒண்டு அடிச்சு விடுங்க, மேசன் ஒராளுக்கு அரை நாள் வேலை. தேஞ்ச பாட்டாவ எறிஞ்சிட்டு குதிய பிடிக்கிற செருப்பு வாங்குங்க. பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை எடுக்கிற ஆக்கள் கட்டில்ல கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பட்டும். கண்ணில புரை இருந்தா ஒப்பரேசன தள்ளிப் போடாதீங்க.

எலும்பு எவ்வளவு இருக்கு எண்டு அளக்கிற டெக்ஸா ஸ்கேன் ஆருக்கு? 65 தாண்டின பெண்கள், 50க்கு மேல சும்மா விழுந்து எங்கயாவது முறிஞ்ச ஆக்கள், முட்டு வருத்தத்துக்கோ (ஆஸ்துமா) மூட்டு வருத்தத்துக்கோ பிரெட்னிசலோன் எண்ட ஸ்டெரொயிட் குளிசைய மூண்டு மாசத்துக்கு மேல எடுக்கிற ஆக்கள், உயரம் 4 சென்டிமீட்டர் அளவில குறைஞ்ச ஆக்கள். உயரம் குறையுதா எண்டு பார்க்க சுவர்ல பென்சிலால கோடு போட்டு வருசம் வருசம் பாருங்க. டெக்ஸா ஸ்கேன்ல டி ஸ்கோர் எண்டு ஒரு நம்பர் வரும், மைனஸ் 1க்கு மேல எண்டா பரவாயில்ல, மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில எண்டா குறையத் தொடங்கிட்டு, மைனஸ் 2.5உம் அதுக்குக் கீழையும் எண்டா ஒஸ்டியோபொரோசிஸ், அதுதான் எலும்பு தேஞ்சு லேசில முறியிற வருத்தம். ஸ்கேன் கிடைக்கிற மட்டும் காத்திருக்கத் தேவையில்ல, ஃப்ராக்ஸ் எண்டு இங்கிலாந்து ஷெஃபீல்ட் யூனிவர்சிட்டியில செய்த ஒரு கணக்கு இருக்கு, வயசு, நிறை, முந்தி முறிஞ்சதா, தாய் தகப்பனுக்கு இடுப்பு முறிஞ்சதா எண்டத வைச்சே பத்து வருச ரிஸ்க்க சொல்லும், கிளினிக் டொக்டரிட்ட கேளுங்க.

எலும்பு அரியிறத குறைக்கிற அலென்ட்ரோனேட் குளிசை எழுதித் தந்தா எடுக்கிற முறை முக்கியம். கிழமைக்கு ஒருக்கா, விடிய வெறும் வயித்தில, ஒரு கிளாஸ் பச்சத் தண்ணியோட, தேத்தண்ணியோட இல்ல. அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது, இல்லாட்டி தொண்டைக் குழாய் புண்ணாகும். கல்சியம் குளிசையையும் அதோட சேர்த்து விழுங்காதீங்க. நெஞ்செரியுது எண்டு தானா நிப்பாட்டுற ஆக்கள் கனபேர், நிப்பாட்டாம போய்ச் சொல்லுங்க, வேற மருந்து இருக்கு.

விழுந்து எழும்ப ஏலாம கிடந்தா, ஒரு கால் கட்டையா வெளிப் பக்கம் திரும்பிக் கிடந்தா இடுப்பு முறிஞ்சிருக்கும் எண்டு எடுங்க. இழுத்து நிமிர்த்தவும் வேணாம், தைலம் போட்டுக் கட்டவும் வேணாம், ஓட்டோவில மடிச்சு இருத்தவும் வேணாம். 1990க்கு கோல் எடுங்க, சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும். ஒப்பரேசன் ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள நடந்தா நல்லம், “கொஞ்சம் பார்ப்பம்” எண்டு பிந்திறது படுக்கைப் புண்ணுக்கும் சளிக்கும்தான் வழி. ஒப்பரேசன் முடிஞ்சு அடுத்த நாளே எழும்பி நிக்கச் சொல்லுவாங்க, பாவம் எண்டு தடுக்காதீங்க, கைய பிடிச்சு நிப்பாட்டுங்க. துண்டு வெட்டி வீட்ட வாறத்துக்கு முந்தி டொக்டரிட்ட ஒரு கேள்வி கேளுங்க: “அடுத்தது முறியாம இருக்க எலும்புக்கு என்ன மருந்து தாறீங்க?” ஒருக்கா முறிஞ்ச ஆளுக்கு இன்னொண்டு முறியிற ரிஸ்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆணி வைச்சு ஒட்டினது முறிஞ்ச இடத்த மட்டும்தான்.